சுண்டெலியில் ஒரு மரபணு இன்சுலின் சுரப்பை மாற்றுகிறதா எனக் கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லின் பொட்டாசியம் சேனலை ஆக்கும் கேஐஆர்6.2 என்னும் புரதம் அறவே இல்லாத சுண்டெலிகளைப் பற்றி 1998-ஆம் ஆண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். குளுக்கோஸ் எவ்வளவு கொடுத்தாலும் அந்த எலிகளின் கணையத் திட்டுகள், அதாவது பீட்டா செல்கள் கூடியிருக்கும் செல் தொகுதிகள், இன்சுலினை ஏறக்குறைய சுரப்பதே இல்லை. அவற்றுக்குக் கடுமையான நீரிழிவு வந்திருக்க வேண்டும் என்றே யாரும் எதிர்பார்ப்பார்கள். வரவில்லை. குளுக்கோஸைத் தாங்கும் திறன் சற்றே குறைந்திருந்தது. கிடைத்த சிறிதளவு இன்சுலினுக்கு உடல் வழக்கத்தைவிடக் கூடுதலாக இணங்கி, சுரப்பின் குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்துவிட்டது. இரத்தச் சர்க்கரையை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தியிருந்தால், அந்த மரபணுவுக்கு இன்சுலின் சுரப்பில் பெரிய பங்கில்லை என்ற முற்றிலும் தவறான முடிவுக்கு அவர்கள் வந்திருப்பார்கள்.

இரத்தச் சர்க்கரையின் அளவு, திட்டுகள் எவ்வளவு சுரக்கின்றன, உடல் அதற்கு எவ்வளவு இணங்குகிறது என்னும் இரண்டின் கூட்டு விளைவு. இவ்விரண்டையும் தனித்தனியே அளக்காமலும், அந்த எலியின் மற்ற மரபணுக்கள் எவை என்று அறியாமலும், ஒரு மரபணுவைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. இத்துறையில் ஆய்வு தொடங்கும் மாணவர்களையும், எலி ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து மதிப்பிட வேண்டிய மருத்துவர்களையும் மனத்தில் வைத்து, அந்த வேலையின் படிகளை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: சுரப்பின் பாதையை அறிந்துகொள்ளுதல்

உங்கள் மரபணு எங்கே வேலை செய்யக்கூடும் என்று ஊகிப்பதற்கு முன், குளுக்கோஸ் பீட்டா செல்லுக்குள் நுழைவதிலிருந்து இன்சுலின் வெளியேறுவது வரையிலான பாதை தெளிவாக இருக்க வேண்டும். சுண்டெலியில் குளுக்கோஸ் பெரும்பாலும் குளுட்2 என்னும் கடத்திப் புரதத்தின் வழியே உள்ளே வருகிறது. குளுக்கோகைனேஸ் என்ற நொதி அதன்மீது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. இந்நொதி பாதி வேகத்தை எட்டும் குளுக்கோஸ் செறிவு ஏறத்தாழ 8 மில்லிமோலார் என்பதாலும், தான் உண்டாக்கும் விளைபொருளால் அது தடுக்கப்படுவதில்லை என்பதாலும், இரத்தச் சர்க்கரை ஏறும்போது அதன் வேகமும் ஏறுகிறது. பீட்டா செல்லின் சர்க்கரை உணரி என்று இதைச் சொல்வது அதனால்தான்.

அதன்பின் மைட்டோகாண்ட்ரியா, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைப் பெருக்குகிறது. ஏடிபி உயர்ந்ததும் செல் சவ்வில் உள்ள பொட்டாசியம் சேனல்கள் மூடிக்கொள்கின்றன. ஒவ்வொரு சேனலும் எட்டுத் துண்டுகளால் ஆனது: கேசிஎன்ஜே11 மரபணு தரும் கேஐஆர்6.2 துண்டுகள் நான்கு, ஏபிசிசி8 மரபணு தரும் எஸ்யூஆர்1 துண்டுகள் நான்கு. சேனல் மூடியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் வாயில்கள் திறக்கின்றன, உட்புகுந்த கால்சியம் இன்சுலின் நிறைந்த நுண்பைகளைச் சவ்வோடு இணையச் செய்கிறது. இதே பாதையைக் குடல் ஹார்மோன்களான ஜிஎல்பி-1, ஜிஐபி ஆகியவை வேறொரு பக்கத்திலிருந்து வலுப்படுத்துகின்றன.

மனிதரிடமிருந்து வேறுபடும் ஒரு செய்தியையும் இங்கேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். நமக்கு இன்சுலின் மரபணு ஒன்று, சுண்டெலிக்கு இரண்டு. 7-ஆம் குரோமோசோமில் உள்ள இன்ஸ்2-தான் மூதாதை மரபணு. 19-ஆம் குரோமோசோமில் உள்ள இன்ஸ்1 அதிலிருந்து பிற்காலத்தில் படியெடுக்கப்பட்டு வந்தது. இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் நீக்கினால் எலிக்கு நீரிழிவு வருவதில்லை, ஏனெனில் மற்றது ஈடுகட்டுகிறது; இரண்டையும் நீக்கினால் பிறந்த 48 மணி நேரத்துக்குள் குட்டி இறந்துவிடுகிறது. ஆனால் அகிட்டா எலியில் இன்ஸ்2-இன் ஒரே ஒரு பிரதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, அதற்கே நீரிழிவு வந்துவிடுகிறது. மாறிய புரதம் சரியாக மடியாமல் செல்லுக்குள் தேங்கி, அந்தச் செல்லையே நலிவடையச் செய்வதுதான் காரணம். மரபணு இல்லாமல் போவதும் பழுதாகிப் போவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை.

இரண்டாம் படி: எலியின் மரபுப் பின்னணியைத் தேர்ந்தெடுத்தல்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதற்கே அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் 1949-ஆம் ஆண்டு அளவுமீறிப் பருத்த சில சுண்டெலிகள் தோன்றின. அந்தப் பிறழ்வுக்கு ஓபி என்று பெயரிட்டார்கள்; அது லெப்டின் ஹார்மோனின் மரபணுவில் உள்ளது என்று 1994-இல்தான் தெரிந்தது. அதே ஆய்வகத்தில் 1966-இல் டிபி என்ற இன்னொரு பிறழ்வு அறிவிக்கப்பட்டது. அது லெப்டினின் ஏற்பியைப் பழுதாக்குகிறது. சி57பிஎல்/6ஜே வகையில் இருந்த ஓபி எலிகள் பருத்தன, ஆனால் அவற்றின் திட்டுகள் பல மடங்கு பெரிதாகி, இன்சுலினை மிகுதியாகச் சுரந்து, சர்க்கரை ஏற்றத்தைப் பெரும்பாலும் கட்டுக்குள் வைத்தன. சி57பிஎல்கேஎஸ் வகையில் இருந்த டிபி எலிகளுக்கோ திட்டுகள் சிதைந்து கடுமையான நீரிழிவு வந்தது. இரண்டு பிறழ்வுகளும் இரண்டு வேறு நோய்கள் என்று நினைக்க எல்லாக் காரணங்களும் இருந்தன. டக்ளஸ் கோல்மனும் கேத்தரின் ஹம்மலும் ஓபி பிறழ்வை சி57பிஎல்கேஎஸ் வகைக்கு இனக்கலப்பின் மூலம் மாற்றிப் பார்த்து 1973-இல் வெளியிட்ட முடிவு அந்த எண்ணத்தை உடைத்தது: பின்னணி மாறியதும் ஓபி எலிகளுக்கும் அதே கடுமையான நீரிழிவு வந்தது. பருமனை உண்டாக்கியது பிறழ்வு; பீட்டா செல் தாக்குப்பிடிக்குமா தளருமா என்பதைத் தீர்மானித்தவை பின்னணியில் இருந்த, அன்றைக்குப் பெயர் தெரியாத மற்ற மரபணுக்கள்.

ஆகவே "இந்த மரபணுவை நீக்கினால் நீரிழிவு வரும்" என்ற வாக்கியம் முழுமையற்றது. எந்த வகை எலியில் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஓர் அறிவியல் கூற்று ஆகும்.

இன்னும் நுட்பமான கண்ணி ஒன்று உண்டு. உலகில் மிகுதியாகப் பயன்படும் சி57பிஎல்/6 எலிகளில் ஜாக்சன் ஆய்வகத்தின் ஜே (J) கிளையும், அங்கிருந்து 1951-இல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்துக்குச் சென்ற எலிகளிலிருந்து வந்த 'என்' (N) கிளையும் தனித்தனியே பெருகின. பலர் இவற்றை ஒன்றாகவே கருதிக் கலந்து பயன்படுத்துகிறார்கள். ஆனால் ஜே கிளையில் என்என்டி என்னும் மரபணுவின் ஐந்து எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதிகள்) ஒருசேர நீங்கிப் போயிருக்கின்றன. 'என்' கிளையில் அவை அப்படியே உள்ளன. இம்மரபணு தரும் நொதி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் இருந்து, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைத் தணிக்கத் தேவையான என்ஏடிபிஎச்சை ஆக்குகிறது. ஜே கிளையின் குறைந்த இன்சுலின் சுரப்போடு இந்த நீக்கத்துக்குத் தொடர்புண்டு என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். பழுதற்ற மரபணுவை ஜே எலிகளுக்குள் செலுத்தியபோது அவற்றின் குளுக்கோஸ் தாங்குதிறன் மீண்டதை அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். குறைபாடு முழுவதற்கும் இந்த ஒரு மரபணுவே பொறுப்பா என்ற விவாதம் அதன்பின்னும் தொடர்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய பாடத்துக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 'என்' கிளையின் கருத்தண்டு செல்களில் உருவாக்கிய நாக்-அவுட் (மரபணு நீக்கிய) எலியை, கடையில் வாங்கிய ஜே எலியோடு ஒப்பிட்டால், நீங்கள் ஆராயும் மரபணுவின் விளைவோடு என்என்டியின் விளைவும் கலந்தே தெரியும்.

தீர்வு எளிது, பொறுமைதான் வேண்டும். எலிகளை ஒரே பின்னணிக்குத் தொடர்ந்து பின்கலப்பு செய்ய வேண்டும், அதாவது ஒவ்வொரு தலைமுறையையும் அதே பின்னணி எலியோடு மீண்டும் கலக்க வேண்டும். பத்துத் தலைமுறை என்பது பழைய மரபு, மரபுக் குறியீடுகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அதைவிடக் குறைவான தலைமுறைகளே போதும். ஒப்பீட்டுக்கு எப்போதும் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளையே எடுக்க வேண்டும். என்என்டியின் நிலையை, டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் ஒரு பிசிஆர் சோதனையில் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்தத் திசையிலிருந்து தொடங்குவது

வேலையை இரு திசைகளில் தொடங்கலாம். பெயர் தெரிந்த ஒரு மரபணுவை மாற்றி விளைவைப் பார்ப்பது ஒன்று. சுரப்பில் இயற்கையாகவே வேறுபடும் எலிகளைக் கலந்து, அந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணுவைத் தேடிச் செல்வது மற்றது. இரண்டாவது கடினமானது, ஆனால் யாரும் எதிர்பாராத மரபணுக்கள் அந்த வழியில்தான் கிடைத்திருக்கின்றன.

விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஆட்டியின் குழுவினர் செய்த பணி இதற்கு நல்ல உதாரணம். ஓபி பிறழ்வு பிடிபிஆர் என்ற எலி வகையில் இருந்தால் கடுமையான நீரிழிவு வருகிறது, பி6 (சி57பிஎல்/6) வகையில் வருவதில்லை. இவ்விரண்டையும் கலந்து இரண்டாம் தலைமுறையில் நூற்றுக்கணக்கான குட்டிகளை உருவாக்கி, ஒவ்வொன்றின் சர்க்கரை, இன்சுலின் அளவுகளையும் மரபுக் குறியீடுகளையும் ஒப்பிட்டு, எந்தக் குரோமோசோம் பகுதி எந்தப் பெற்றோரிடமிருந்து வந்தால் இன்சுலின் குறைகிறது என்று அவர்கள் வரைபடமிட்டார்கள். 19-ஆம் குரோமோசோமில் இருந்த பகுதியைச் சிறிது சிறிதாகக் குறுக்கி 2006-இல் சோர்க்ஸ்1 மரபணுவை அடையாளம் கண்டார்கள். இன்சுலின் நுண்பைகளின் கையிருப்பை மீண்டும் நிரப்புவதற்கு அது தேவை என்பது பின்னர் தெரிந்தது. 16-ஆம் குரோமோசோமில் இருந்து 2011-இல் டோமோசின்-2 கிடைத்தது. அது நுண்பைகள் வெளியேறுவதைத் தடுக்கும் புரதம்.

இரண்டே வகைகளைக் கலந்தால் அவ்விரண்டிலும் வேறுபடும் மரபணுக்கள் மட்டுமே கண்ணில் படும். இந்த எல்லையை விரிப்பதற்காக, காட்டுச் சுண்டெலிகளிலிருந்து வந்த மூன்று உள்பட எட்டு மூல வகைகளைக் கலந்து, தொடர்ந்து அயற்கலப்பில் வளர்க்கப்படும் டைவர்சிட்டி அவுட்பிரெட் என்ற எலித்தொகுதி உருவாக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு எலியும் மரபில் தனி. அவற்றில் ஏறத்தாழ 500 எலிகளின் திட்டுகளைப் பிரித்தெடுத்து, பல தூண்டல்களுக்கு அவை சுரந்த இன்சுலினை அளந்து, சுரப்போடு தொடர்புடைய குரோமோசோம் இடங்களை விஸ்கான்சின், ஜாக்சன் குழுவினர் கண்டறிந்தார்கள். இரத்தத்தில் உள்ள இன்சுலினை அல்லாமல் திட்டின் சுரப்பையே அளவுகோலாக வைத்ததுதான் அந்த ஆய்வின் சிறப்பு. உடல் இன்சுலினுக்கு எவ்வளவு இணங்குகிறது என்ற கேள்வி அதில் குறுக்கிடவில்லை.

நான்காம் படி: மரபணுவை நீக்குதல்

உடல் முழுவதும் நீக்கினால், விளைவு திட்டில் எழுந்ததா, கல்லீரலில் எழுந்ததா, மூளையில் எழுந்ததா என்று தெரியாது. சில மரபணுக்களை அப்படி நீக்கவும் முடியாது: குளுக்கோகைனேஸின் இரு பிரதிகளும் இல்லாத குட்டிகள் பிறந்த சில நாட்களில் இறந்துவிடும், பிடிஎக்ஸ்1 இல்லாத குட்டிகளுக்குக் கணையமே உருவாகாது. அதனால் கிரீ-லாக்ஸ் முறை பயன்படுகிறது. மரபணுவின் இரு பக்கமும் லாக்ஸ்பி என்ற அடையாளங்களைப் பொருத்திய எலியை, பீட்டா செல்லில் மட்டும் கிரீ நொதியை ஆக்கும் எலியோடு இணைத்தால், அந்தச் செல்லில் மட்டும் மரபணு வெட்டப்பட்டு நீங்கும்.

"பீட்டா செல்லில் மட்டும்" என்பதில்தான் சிக்கல். ராட் எனப்படும் பெரிய எலி இனத்தின் இன்சுலின்-2 ஊக்கியால் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியால்) இயங்கும், நீண்ட காலம் பரவலாகப் பயன்பட்ட ரிப்-கிரீ எலிகளில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலும் கிரீ வேலை செய்தது. பசியையும் உடல் எடையையும் ஆளும் பகுதி அது. மேலும், எந்த மரபணுவையும் நீக்காமல் ரிப்-கிரீ மட்டும் இருந்த எலிகளுக்கே குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்திருந்ததை 2006-இல் ஓர் ஆய்வு காட்டியது. டமாக்சிஃபென் என்ற மருந்தைக் கொடுத்தால் இயங்கும் மிப்-கிரீஇஆர் எலிகளில் வேறு வகைக் கோளாறு இருந்தது. மரபணு நன்கு வெளிப்பட வேண்டும் என்பதற்காக அவற்றின் கட்டமைப்பில் மனித வளர்ச்சி ஹார்மோனின் மரபணுத் துண்டு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அது வெறும் துணையாக இருக்கவில்லை. உண்மையிலேயே ஹார்மோனாக வெளிப்பட்டு, புரோலாக்டின் ஏற்பியைத் தூண்டி, கருவுற்ற எலியில் நடப்பதைப் போலவே பீட்டா செல்லில் செரோடோனினைப் பெருக்கி, செல்களின் நிறையையும் மாற்றியது. இத்தகைய எலிகளை வைத்து வெளிவந்த பழைய முடிவுகளைப் படிக்கும்போது, கிரீ மட்டும் உள்ள ஒப்பீட்டுக் குழு அதில் இருந்ததா என்று முதலில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அந்த முடிவை நான் நம்பமாட்டேன்.

இன்று இன்ஸ்1 மரபணுவின் இடத்திலேயே கிரீயைப் பொருத்திய எலிகள் கிடைக்கின்றன. மூளையில் அவற்றின் கசிவு மிகக் குறைவு. அவையும் இன்ஸ்1-இன் ஒரு பிரதியை இழந்தவையே என்பதால், ஒப்பீட்டுக் குழுவிலும் அதே கிரீ இருக்க வேண்டும். ஆகவே குறைந்தது மூன்று குழுக்கள் தேவை: லாக்ஸ்பி மட்டும் உள்ளவை, கிரீ மட்டும் உள்ளவை, இரண்டும் உள்ளவை. டமாக்சிஃபென் கொடுப்பதாக இருந்தால் எல்லாக் குழுக்களுக்கும் ஒரே அளவில் கொடுக்க வேண்டும். மரபணு உண்மையிலேயே எவ்வளவு நீங்கியது என்பதைத் திட்டுகளிலும், நீங்காமல் இருக்க வேண்டிய ஹைப்போதலாமஸிலும் நேரடியாக அளந்து உறுதிசெய்ய வேண்டும்.

ஐந்தாம் படி: எலிகளின் பால், வயது, உணவு

பெரும்பாலான நீரிழிவு மாதிரிகளில் ஆண் சுண்டெலிகளே கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன. அகிட்டா எலியிலும் அப்படித்தான். தன்னெதிர்ப்பு நீரிழிவு வரும் என்ஓடி வகையில் மட்டும் இது தலைகீழ், அங்கே பெண் எலிகளுக்கே அது அதிகம். இரு பாலையும் ஆய்ந்து, முடிவுகளைத் தனித்தனியே வெளியிடுங்கள். வழக்கமான தீவனத்தில் தெரியாத குறைபாடு கொழுப்பு மிகுந்த தீவனத்தில் வெளிப்படலாம், ஏனெனில் அப்போது பீட்டா செல் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் வேலை செய்பவர்கள் எலிகளைத் தொடுவதற்கு முன்பே தங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுத்துபூர்வ அனுமதி பெற்றாக வேண்டும். எத்தனை எலிகள் தேவை என்ற கணக்கை அப்போதே நேர்மையாகப் போடுவது, எலிகளை வீணாக்காமல் இருப்பதற்கும் உதவும்.

ஆறாம் படி: குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை

இது எல்லோரும் செய்யும் சோதனை. எல்லோரும் ஒரே மாதிரி செய்யாததால் குழப்பமும் இங்கேதான் அதிகம்.

பட்டினியின் நீளத்திலிருந்து தொடங்குவோம். மனிதருக்கு இரவு முழுதும் பட்டினி இருப்பது இயல்பு. சுண்டெலியோ இரவில்தான் தன் உணவின் பெரும்பகுதியை உண்கிறது. அதை மாலையிலிருந்து காலை வரை பட்டினி போட்டால் கல்லீரலின் கிளைக்கோஜன் ஏறக்குறைய தீர்ந்து, உடல் எடையும் கணிசமாகக் குறைந்து, பசியால் வாடும் ஓர் உயிரியைத்தான் நாம் சோதிப்போம். மனிதரில் நீண்ட பட்டினி இன்சுலின் உணர்திறனைக் குறைக்க, சுண்டெலியில் அது கூட்டுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே காலை 7 அல்லது 8 மணிக்குத் தீவனத்தை எடுத்துவிட்டு, 5 அல்லது 6 மணி நேரம் கழித்துச் சோதிப்பதே பொருத்தம். கூண்டின் படுக்கைத்தூளையும் அப்போதே மாற்றுங்கள்; சிதறிய தீவனமும், எலிகள் திரும்ப உண்ணும் தம் கழிவும் அதில் கிடக்கும். தண்ணீரை எடுக்காதீர்கள். சோதனைக்குச் சில நாட்கள் முன்பிருந்தே எலிகளைக் கையில் எடுத்துப் பழக்குங்கள், ஏனெனில் அச்சமே சர்க்கரையை ஏற்றிவிடும். மயக்க மருந்து வேண்டாம். பரவலாகப் பயன்படும் சைலசின் இன்சுலின் சுரப்பையே தடுக்கக்கூடியது.

எடை பார்த்து, வாலின் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தத்தில் தொடக்க அளவை எடுங்கள். 5, 6 மணி நேரப் பட்டினிக்குப் பின் பி6 எலிகளில் ஒரு டெசிலிட்டருக்கு 120 முதல் 160 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பே. மனிதரின் அளவுகோலை வைத்து அதை நீரிழிவு என்று எண்ண வேண்டாம். பிறகு 20 சதவீதக் குளுக்கோஸ் கரைசலை ஒரு கிராம் உடல் எடைக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் வயிற்றறைக்குள் ஊசியால் செலுத்தினால், ஒரு கிலோவுக்கு 2 கிராம் என்ற வழக்கமான அளவு கிடைக்கும். 25 கிராம் எலிக்கு அது 250 மைக்ரோலிட்டர். 15, 30, 60, 120-ஆம் நிமிடங்களில் மீண்டும் அளக்க வேண்டும்.

பருத்த எலிகளையும் மெலிந்த எலிகளையும் ஒப்பிடும்போது எடைக்கேற்ற அளவு நியாயமற்றதாகிவிடும். குளுக்கோஸைப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது தசை. பருத்த எலியின் கூடுதல் எடையோ பெரும்பாலும் கொழுப்பு. எடைக்கேற்பக் கொடுத்தால் ஏறக்குறைய அதே தசையின் மீது கூடுதல் சர்க்கரையை ஏற்றி, அதைத் தாங்கவில்லை என்று சொல்வதாகும். கொழுப்பு நீங்கலான உடல் நிறையை அளந்து அதற்கேற்பவோ, எல்லா எலிகளுக்கும் ஒரே அளவாகவோ கொடுங்கள்.

வாய்வழி கொடுப்பதா, ஊசியாலா என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. வாய்வழி கொடுத்தால் குடல் ஹார்மோன்களும் சேர்ந்து இயங்கும். வயிற்றறை ஊசியில் அவற்றின் பங்கு பெரும்பாலும் விலகிவிடும். இரண்டையும் செய்து பார்த்து, வாய்வழிச் சோதனையில் மட்டும் வேறுபாடு தெரிந்தால், ஜிஎல்பி-1, ஜிஐபி பாதையின் பக்கம் தேட வேண்டும்.

ஏழாம் படி: சுரப்பையும் உணர்திறனையும் பிரித்தறிதல்

தாங்குதிறன் குறைந்தது என்பதோடு நிறுத்திவிடும் கட்டுரைகள் ஏராளம். உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது.

அதே சோதனையில் குறைந்தது தொடக்கத்திலும், 15, 30-ஆம் நிமிடங்களிலும் இன்சுலினை அளக்க வேண்டும். 25 கிராம் எலியின் உடலில் மொத்த இரத்தமே ஏறத்தாழ 2 மில்லிலிட்டர்தான் என்பதால், ஒவ்வொரு முறையும் 30 மைக்ரோலிட்டர் அளவில் எடுத்து, மொத்தம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரத்த அணுக்கள் உடைந்துவிட்டால் அவற்றிலிருந்து வரும் நொதி இன்சுலினைச் சிதைத்துவிடும். சிவந்துபோன மாதிரியின் குறைந்த அளவை நம்பாதீர்கள். சுரந்த இன்சுலினில் பெரும்பகுதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே அகற்றிவிடுகிறது, இன்சுலினோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடு என்னும் புரதத் துண்டை அப்படி அகற்றுவதில்லை. ஆகவே உங்கள் மரபணு கல்லீரலிலும் இயங்குமானால் சி-பெப்டைடையும் சேர்த்து அளப்பது அவசியம்.

இன்சுலின் தாங்குதிறன் சோதனையில் ஒரு கிலோவுக்கு 0.5 முதல் 0.75 அலகு வரை இன்சுலின் செலுத்திச் சர்க்கரை எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பார்க்கிறோம். முதல் 15, 30 நிமிடங்களின் இறக்கமே உணர்திறனைக் காட்டுகிறது. அதற்குப் பிந்தைய பகுதியில் குளுக்ககான் முதலிய எதிர் ஹார்மோன்கள் சர்க்கரையை மீட்கும் வேகமும் கலந்துவிடும். விடை ஐயமின்றி வேண்டுமென்றால் கிளாம்ப் முறைதான் வழி. கழுத்து இரத்தக்குழாய்களில் குழல் பொருத்தி, எலி தேறிய பின், மயக்கமற்ற நிலையில் இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தி, சர்க்கரையை ஒரே மட்டத்தில் நிறுத்த எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறது என்று அளந்தால் அது உணர்திறன். சர்க்கரையை உயர்ந்த ஒரு மட்டத்தில் நிறுத்தி, அப்போது எலியே எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று அளந்தால் அது சுரப்பு.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதன் பலனை, இன்சுலினின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதங்களைத் தரும் ஐஆர்எஸ் மரபணுக்களில் காணலாம். ஐஆர்எஸ்-1 இல்லாத எலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு உண்டு, ஆனால் பீட்டா செல்கள் பெருகி ஈடுசெய்வதால் நீரிழிவு வருவதில்லை. ஐஆர்எஸ்-2 இல்லாதவற்றுக்கும் எதிர்ப்பு உண்டு. அங்கே பீட்டா செல்கள் பெருகத் தவறுவதால் நீரிழிவு வந்துவிடுகிறது. உணர்திறனை மட்டும் அளப்பவருக்கு இரண்டும் ஒரே கதையாகத் தெரியும்.

எட்டாம் படி: திட்டுகளைப் பிரித்தெடுத்துச் சோதித்தல்

பித்தக்குழாய் வழியே கொலாஜினேஸ் நொதியைக் கணையத்துக்குள் செலுத்தி, 37 பாகை செல்சியஸில் செரிக்கவிட்டு, அடர்த்திப் படிநிலைக் கரைசலில் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் திட்டுகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். தேர்ந்த கைக்கு ஓர் எலியிலிருந்து 200, 300 திட்டுகள் கிடைக்கும். நொதி சற்று அதிகமானாலும் திட்டுகள் சிதையும் என்பதால், பழக்கம் வரும்வரை ஆய்வு எலிகளைத் தொட வேண்டாம். பிரித்தெடுத்த திட்டுகளை ஓரிரவு வளர்ப்புக் கரைசலில் தேறவிட்டு, ஒரே அளவுள்ளவற்றைத் தேர்ந்து, முதலில் 2.8 மில்லிமோலார் குளுக்கோஸிலும் பிறகு 16.7 மில்லிமோலாரிலும் ஒரு மணி நேரம் வைத்து, வெளிவந்த இன்சுலினை அளக்கிறோம். திட்டுக்குள் மிஞ்சியுள்ள மொத்த இன்சுலினையும் அளந்தால்தான், சுரப்பு குறைந்ததா, உற்பத்தியே குறைந்ததா என்று தெரியும்.

குறைபாடு பாதையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மருந்துகளால் கண்டறியலாம். குளுக்கோஸுக்குச் சுரக்காத திட்டு, பொட்டாசியம் சேனலை நேரடியாக மூடும் டால்பியூட்டமைடுக்குச் சுரந்தால், கோளாறு சேனலுக்கு முன்னால், அதாவது குளுக்கோகைனேஸிலோ மைட்டோகாண்ட்ரியாவிலோ இருக்கிறது. டால்பியூட்டமைடுக்கும் சுரக்காமல் 30 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடுக்குச் சுரந்தால், சேனலை ஐயப்பட வேண்டும். அதற்கும் சுரக்கவில்லை என்றால் கால்சியம் வாயில்களிலோ நுண்பைகளின் வெளியேற்றத்திலோ தேடுங்கள். கரைசலைத் தொடர்ந்து ஓடவிட்டு நிமிடந்தோறும் மாதிரி எடுக்கும் முறையில், முதல் பத்து நிமிடங்களின் கூர்மையான சுரப்பையும் அதைத் தொடரும் இரண்டாம் கட்டத்தையும் தனித்தனியே காணலாம். நுண்பைகளின் கையிருப்பை நிரப்புவதில் உள்ள குறை இரண்டாம் கட்டத்தில்தான் வெளிப்படும்.

இத்துடன் கணையத்தை மெல்லிய சீவல்களாக்கி இன்சுலின் சாயமிட்டு, சாயமேறிய பரப்பின் விகிதத்தைக் கணையத்தின் எடையோடு பெருக்கினால் பீட்டா செல் நிறை கிடைக்கும். செல்கள் குறைந்ததால் சுரப்பு குறைந்ததா, இருக்கும் செல்கள் ஒழுங்காகச் சுரக்கவில்லையா என்பது அப்போதுதான் முடிவாகும். கணக்கிடும்போது அலகு எலியே, திட்டு அல்ல: நான்கு எலிகளிடமிருந்து எடுத்த 80 திட்டுகள் புள்ளியியலில் 80 ஆகாது, நான்கே. எந்த எலி எந்தக் குழு என்பது அளப்பவருக்குத் தெரியாமல் இருப்பதும் கட்டாயம்.

ஒன்பதாம் படி: மனிதருக்குப் பொருந்துமா எனப் பார்த்தல்

எலியிலிருந்து மனிதருக்கான பாதை சில மரபணுக்களில் நேரானது, சிலவற்றில் அல்ல. குளுக்கோகைனேஸின் ஒரு பிரதியை இழந்த எலிக்கும் மனிதருக்கும் ஏறக்குறைய ஒரே வகையான, மிதமான சர்க்கரை ஏற்றம் வருகிறது. எச்என்எஃப்1ஏ மரபணுவில் அப்படி இல்லை: ஒரு பிரதி பழுதானாலே மனிதருக்கு இளவயது நீரிழிவு வரும், எலிக்கோ இரு பிரதிகளும் பழுதானால்தான் வருகிறது. ஏபிசிசி8 பழுதான மனிதக் குழந்தைகளுக்கு இன்சுலின் கட்டுக்கடங்காமல் சுரந்து சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குகிறது. அதே மரபணு இல்லாத எலிகள் ஏறக்குறைய இயல்பான சர்க்கரையோடு வளர்கின்றன.

அதே சேனலின் எதிர்ப்பக்கத்தில் எலி சொன்னது பலித்தது. கேஐஆர்6.2 சேனல் எளிதில் மூடாதபடி மாற்றிய எலிகள் பிறந்த சில நாட்களிலேயே கடுமையான நீரிழிவுக்கு ஆளாவதை 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிறந்த சில மாதங்களுக்குள் நீரிழிவு வந்த குழந்தைகள் சிலருக்குக் கேசிஎன்ஜே11 மரபணுவில் அதே போக்குடைய பிறழ்வுகள் இருப்பது 2004-இல் தெரிந்தது. சேனலை மூடும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்பது பாதையை அறிந்தவர்களுக்கு உடனே புலப்பட்டது. 2006-இல் வெளியான ஆய்வில், அத்தகைய பிறழ்வுள்ள 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரைக்கு மாற முடிந்தது. ஆகவே ஆறு மாத வயதுக்குள் நீரிழிவு கண்டறியப்பட்ட எந்தக் குழந்தைக்கும், வகை-1 என்று முடிவு செய்துவிடாமல், மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட மருத்துவ நடைமுறை.